புகையை விட மனக்காட்சிப் பயிற்சி: முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த்தில் குடியிருக்கிறேன், துறைமுகத்தில் வேலை. 25 ஆண்டுகளாகப் புகைக்கிறேன். மூன்று அமர்வுகளில் மனக்காட்சிப் பயிற்சியால் பழக்கத்தை ஒழித்துவிடலாம், பலன் உறுதி என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். எனக்கோ கண்ணை மூடினால் எந்தக் காட்சியும் தெரிவதில்லை. சேரலாமா?

பதில்: ஐயா, முன்பணம் கொடுக்காதீர்கள். பயிற்சியில் பயன் உண்டு; ஆனால் தனியாக அதுவே புகையை நிறுத்திவிடும் என்பதற்குப் போதிய சான்று இல்லாதபோது, "பலன் உறுதி" என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

புகைக்கும் ஆவல் எழும்போது மனம் தேநீர், தீப்பெட்டி, முதல் இழுப்பு என்று ஒரு காட்சியைக் கட்டிக்கொண்டே போகிறது. அந்த இடத்தில் வேறொரு காட்சியை முழு விவரத்தோடு நிறுத்தினால், இரண்டையும் ஒரே நேரத்தில் தெளிவாக வைத்திருக்க மனத்தால் இயலாததால், ஆவலின் வேகம் தணிகிறது. ஆவல் பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த நிமிடங்களைக் கடக்கத்தான் இந்தப் பயிற்சி. கடற்கரையை நினைப்பதைவிட, தேநீர் இடைவேளையில் நண்பர் பெட்டியை நீட்டுவதையும், நீங்கள் வேண்டாமென்று சொல்லித் தண்ணீர் குடிக்கப் போவதையும் படிப்படியாக நினைத்துப் பழகுங்கள்.

காட்சி தெரியாதது குறையன்று. சிலருக்கு மனத்தில் படமே தோன்றாது. அவர்கள் ஒலி, மணம், தொடுகை ஆகியவற்றைக் கொண்டு பழகலாம். கறிவேப்பிலை தாளிக்கும் மணம், காவடி ஊர்வலத்தின் மேளம், ஈர மணலில் கால் பதியும் குளிர்ச்சி ஆகியவற்றில் எது எளிதில் வருகிறதோ அதைப் பற்றிக்கொள்ளுங்கள். அதுவும் வராவிட்டால், நடக்கப்போவதைச் சொற்களாகவே வரிசைப்படுத்தி மெல்லச் சொல்லிக்கொள்ளுங்கள். காட்சி தெரியாதது குறையன்று என்பதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு: அதைக் காட்டித்தான் "உங்கள் மனம் ஒத்துழைக்கவில்லை, இன்னும் மூன்று அமர்வுகள் வேண்டும்" என்று பணம் கறப்பார்கள். சிகிச்சை தருபவர் தம்மை உளவியலாளர் என்றால், தென்னாப்பிரிக்க சுகாதாரத் தொழில்முறைக் கழகத்தின் பதிவேட்டில் அவர் பெயரைத் தேடுங்கள். அதை யாரும் இணையத்தில் பார்க்கலாம்.

உடல் கேட்கும் நிக்கோட்டினுக்குக் கற்பனை ஈடாகாது. எழுந்த அரைமணி நேரத்துக்குள் புகைப்பவரானால், மருந்தாளரிடம் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையும் மெல்லும் பசையும் பற்றிக் கேளுங்கள். அந்த முன்பணத்தை இதற்குச் செலவிடுங்கள்.

இவற்றையெல்லாம் அரசு மருத்துவ நிலையத்திலேயே ஒருவர் பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும். "புகையை விடுங்கள்" என்ற ஒற்றை வரியோடு நோயாளிகளை அனுப்பிவிடுவதால்தான் இத்தகைய வியாபாரிகள் பிழைக்கிறார்கள். 2020-இல் மார்ச் இறுதி முதல் ஆகஸ்டு வரை அரசு சிகரெட் விற்பனையைத் தடை செய்தபோதும், விட விரும்பியவருக்குப் போதிய துணை கிடைக்கவில்லை. கள்ளச்சந்தைக்காரரே லாபம் பார்த்தார்கள். 2022-இல் நாடாளுமன்றத்துக்கு வந்த புகையிலைக் கட்டுப்பாட்டு மசோதா ஆண்டுக்கணக்கில் இழுபட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை.

நீங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். புகையை நிறுத்த இரண்டு வாரத்துக்குள் ஒரு நாளைக் குறித்து, அதுவரை தினமும் காலையும் மாலையும் பத்து நிமிடம் பழகுங்கள். முதல் வாரம் கடினம், அதன்பின் வரும் வாரங்களில் ஆவல் படிப்படியாகக் குறையும்.