விஸ்டம் டூத் எடுத்து மூணாவது நாள், வீக்கம் இன்னும் ஏறுது... இது நார்மலா?

கேள்வி: கீழ் வரிசையில சாய்ஞ்சு எலும்புக்குள்ள மாட்டிக்கிட்டிருந்த விஸ்டம் டூத்தை ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. இன்னிக்கு மூணாவது நாள். முதல் நாள் கூட இவ்ளோ வீக்கம் இல்ல, இன்னிக்கு காலைல பார்த்தா ஒரு பக்க கன்னம் நல்லா உப்பியிருக்கு, வாய் ரெண்டு விரல் அளவுக்குதான் திறக்குது, பல் எடுத்த இடத்துல வெள்ளையா என்னமோ படிஞ்சிருக்கு. இன்ஃபெக்ஷனா இருக்குமோன்னு பயமா இருக்கு. ட்ரை சாக்கெட்னு சொல்றாங்களே அது இதுதானா? எப்போ சரியாகும், எப்போ வேலைக்கு போலாம்?

பதில்: முதல்ல கொஞ்சம் பயத்தை இறக்கி வைங்க. நீங்க சொன்ன மூணுமே, வீக்கம், வாய் திறக்க முடியாதது, அந்த வெள்ளைப் படிவு, நல்லபடியா ஆறிட்டு வர்ற வாய்லயும் அப்படியே இருக்கும். வீக்கம் ஆபரேஷன் அன்னிக்கே உச்சத்துக்கு போயிடாது, மெதுவா ஏறி 48 மணி நேரத்துலேருந்து 72 மணி நேரத்துக்குள்ளதான் ரொம்ப அதிகமா தெரியும், அதுக்கப்புறம்தான் இறங்கும். அதனாலதான் முதல் நாளைவிட மூணாம் நாள் முகம் பெருசா தெரியுது. இதை ஆபரேஷன் முடிஞ்ச கையோட சொல்லியிருப்பாங்க, ஆனா வாய் மரத்துப்போய் பஞ்சு கடிச்சிட்டு உக்காந்திருக்கற நேரத்துல சொன்னா யார் மனசுல நிக்கும்.

ஒண்ணு மட்டும் நல்லா புடிச்சுக்கோங்க. வலி எவ்ளோ இருக்குன்னு பார்க்காதீங்க, எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க. ஒருத்தருக்கு ரெண்டே நாள்ல மாத்திரை தேவைப்படாது, இன்னொருத்தருக்கு ஒரு வாரம் ஆகும், ரெண்டுமே சரிதான். ஆனா குறைஞ்சிட்டு வந்த வலி திடீர்னு திரும்பி ஏறினா, இல்ல நாலாம் நாளுக்கு அப்புறமும் வீக்கம் ஏறிட்டே போனா, அது வேற கதை. அப்போ ஒரு போன் போட்டு டாக்டரை பார்த்துடணும்.

உங்களுக்கு எடுத்தது எலும்புக்குள்ள இருந்த பல்லுங்க. ஈறைக் கீறி விலக்கி, சுத்தி இருக்கற எலும்பை கொஞ்சம் ட்ரில் பண்ணி, பல நேரம் பல்லையே ரெண்டு மூணு துண்டா வெட்டித்தான் வெளிய எடுப்பாங்க, அப்புறம் தையல் போடுவாங்க. நேரா முளைச்ச மேல் பல்லை பிடுங்கினவங்க மறுநாளே சாதாரணமா சுத்திட்டிருப்பாங்க, அவங்களோட உங்களை ஒப்பிட்டுப் பார்த்து கவலைப்படாதீங்க. வாய் திறக்க முடியாததுக்கும் காரணம் இதுதான், தாடையை மூடித் திறக்கற தசை அந்தப் பல்லுக்கு பக்கத்துலயே இருக்கு, சுத்தி இருக்கற இடம் வீங்கினா அதுவும் இறுகிக்கும். ஒரு வாரம் பத்து நாள்ல தளரும், சிலருக்கு ரெண்டு வாரம் வரைக்கும் ஆகும். நாலாம் நாள்லேருந்து, வெதுவெதுப்பா ஒத்தடம் குடுத்துட்டு, வலிக்காத அளவுக்கு மெதுவா திறந்து மூடி பழகுங்க, வலுக்கட்டாயமா திறக்க வேணாம்.

அந்த வெள்ளைப் படிவை தயவுசெஞ்சு தொடாதீங்க. டூத் பிக், பட்ஸ், விரல், நாக்கு எதுவுமே அங்க போகக்கூடாது. பல் எடுத்த குழியில முதல்ல ரத்தம் உறைஞ்சு கட்டியா நிக்கும், முட்டியில அடிபட்டா மேல பொருக்கு கட்டுமே அதே வேலையைத்தான் இது வாய்க்குள்ள செய்யுது, என்ன ஒண்ணு, வாய் எப்பவும் ஈரமா இருக்கறதால காஞ்சு கருப்பாகாம வெள்ளையா மஞ்சளா ஊறிப்போய் தெரியும். அதுக்கு மேலதான் புது சதை வளரும். நிறைய பேர் இதைப் பார்த்து சீழ்னு நினைச்சு சுரண்டிடறாங்க, ஆறிட்டிருக்கற புண்ணை நாமளே திரும்ப திறந்து விடற மாதிரி ஆயிடுது. சீழா இருந்தா கூடவே வேற அறிகுறியும் இருக்கும், கெட்ட ருசி விடாம வரும், அமுக்கினா கசியும், காய்ச்சல் வரும், வலி ஏறும். வெறும் வெள்ளையா இருக்கு, வலி குறையுதுன்னா நிம்மதியா விட்டுடுங்க.

இப்போ ட்ரை சாக்கெட். அந்த ரத்தக்கட்டி சீக்கிரமே கரைஞ்சோ கழண்டோ போயி, உள்ள இருக்கற எலும்பு திறந்துபோய் கிடக்கறதுதான் ட்ரை சாக்கெட். பொதுவா பல் எடுக்கறவங்கள்ல ரொம்ப கம்மி பேருக்குதான் வரும், ஆனா கீழ் விஸ்டம் டூத்ல, அதுவும் ஆபரேஷன் பண்ணி எடுக்கறப்போ, மத்த பல்லைவிட நிறைய வருது. அதை கண்டுபிடிக்கறது அவ்ளோ கஷ்டம் இல்ல. ஒண்ணு ரெண்டு நாள் பரவாயில்லாம இருந்திருக்கும், மூணாம் நாள்லேருந்து அஞ்சாம் நாளுக்குள்ள ஆழமா விண்ணு விண்ணுன்னு தெறிக்கற வலி ஆரம்பிக்கும், அதே பக்கம் காது, நெத்திப்பொட்டு வரைக்கும் இழுக்கும், நேத்து வரைக்கும் கேட்ட மாத்திரை இன்னிக்கு கேக்காது, வாய் நாறும், கண்ணாடியில பார்த்தா குழி காலியா இருக்கும். நீங்க எழுதினதுல வலி ஏறிச்சுன்னு எங்கயும் சொல்லல, குழியில படிவும் இருக்கு, அதனால இது ட்ரை சாக்கெட் மாதிரி தெரியல. ஒருவேளை நாளைக்கோ நாளன்னிக்கோ அப்படி வலி ஆரம்பிச்சா பல்லைக் கடிச்சிட்டு பொறுத்துக்க வேணாம், டாக்டர் அந்த குழியை கழுவி மருந்து வெச்சாலே பெரும்பாலானவங்களுக்கு அன்னிக்கே நல்ல நிம்மதி கிடைக்கும், தேவைப்பட்டா சில நாள் கழிச்சு திரும்ப மாத்தி வெப்பாங்க. ட்ரை சாக்கெட் வந்தா ஆறறது கொஞ்சம் தள்ளிப்போகும், நிரந்தரமா ஒண்ணும் ஆயிடாது.

இது வராம தடுக்கறதுல உங்க கையில இருக்கற பெரிய விஷயம் சிகரெட்தான். புகை பிடிக்கற பழக்கம் இருந்தா குறைஞ்சது மூணு நாள், முடிஞ்சா ஒரு வாரம் பத்து நாள் தொடவே தொடாதீங்க, வேப் பண்ணாலும் அதே கணக்குதான். உறிஞ்சற இழுப்பு ஒரு பக்கம், அதைவிட முக்கியம் நிக்கோட்டின் அந்த இடத்துக்கு வர்ற ரத்த ஓட்டத்தையே குறைக்கும். ஸ்ட்ரா போட்டு குடிக்கறது, வேகமா துப்பறது, தண்ணிய அடிச்சு கொப்பளிக்கறது இதெல்லாமும் முதல் சில நாள் வேணாம். கருத்தடை மாத்திரை எடுக்கற பெண்களுக்கு ட்ரை சாக்கெட் வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூட, பல் எடுக்கறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடறது நல்லது.

வாய் கழுவறது. முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவே கூடாது, நீங்க அதைத் தாண்டிட்டீங்க. இப்போ ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில அரை டீஸ்பூன் உப்பு போட்டு, ஒவ்வொரு தடவை சாப்பிட்டதுக்கப்புறமும் வாயில வெச்சு, தலையை அப்படி இப்படி சாய்ச்சுட்டு, துப்பாம தானா வழிஞ்சு விழற மாதிரி விட்டுடுங்க. வலிக்குதேன்னு பல் தேய்க்காம இருக்கறவங்க நிறைய பேர், அதுதான் உண்மையிலேயே தப்பு, மத்த பல்லை எல்லாம் சாஃப்ட் பிரஷ்ஷால எப்பவும் போல தேய்க்கணும், தையல் இருக்கற இடத்தை மட்டும் ஒதுக்குங்க. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதிக் குடுத்திருந்தா சொன்ன நாள் வரைக்கும் மட்டும் போதும், ரொம்ப நாள் போட்டா பல்லுல கறை பிடிக்கும்.

ஐஸ் ஒத்தடம் பத்தி ஒரு வார்த்தை. அது முதல் ஒண்ணு ரெண்டு நாளைக்குதான், துணியில சுத்தி 15-20 நிமிஷம் வெச்சு அதே அளவு நேரம் எடுத்துடணும். மூணாம் நாளுக்கு மேல ஐஸ்ல பெருசா பலன் இல்ல, இனிமே வெதுவெதுப்புதான் நல்லது. தலைக்கு ஒரு தலையணை சேர்த்து வெச்சு உயரமா படுத்துக்கோங்க, மட்டமா படுத்தா காலைல வீக்கம் கூடுதலா தெரியும். கன்னத்துல, கழுத்துல கூட மஞ்சளா நீலமா கன்னிப்போகலாம், உள்ள கசிஞ்ச ரத்தம் கீழ இறங்குது அவ்ளோதான்.

மாத்திரை விஷயத்துல கொஞ்சம் நிதானமா படிங்க. பல் வலிக்கு ஐபுப்ரோஃபென் நல்லா கேக்கும், ஏன்னா அது வலியோட வீக்கத்தையும் குறைக்கும், கூட பாராசிட்டமாலும் சேர்த்து எடுத்தா தனித்தனியா எடுக்கறதைவிட பலன் அதிகம், பல பேருக்கு இதைவிட ஸ்ட்ராங்கா எதுவும் தேவைப்படறதே இல்ல. வலி உச்சிக்கு ஏறினதுக்கப்புறம் போடறதைவிட முதல் ரெண்டு மூணு நாள் டாக்டர் சொன்ன நேரத்துக்கு போட்டுட்டே வர்றதுதான் புத்திசாலித்தனம். ஆனா அல்சர், கிட்னி பிரச்சனை, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்க, வலி மாத்திரை போட்டா ஆஸ்துமா வர்றவங்க, கர்ப்பமா இருக்கறவங்க இவங்கல்லாம் கேக்காம ஐபுப்ரோஃபென் தொடக்கூடாது. பாராசிட்டமால் பெரியவங்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல போகவே கூடாது, சளி மாத்திரையிலயும் அது இருக்கும், அட்டையைப் பார்த்துட்டு போடுங்க. வலிக்குன்னு ஆஸ்பிரின் எடுக்காதீங்க, ரத்தம் கசியறதை கூட்டும். அதே சமயம் இதயத்துக்குன்னு ஏற்கனவே ஆஸ்பிரின் எடுக்கறவங்க அதை தானா நிறுத்தவும் கூடாது. ஆன்டிபயாட்டிக் எல்லாருக்கும் குடுக்க மாட்டாங்க, குடுக்கலன்னா அக்கறை இல்லன்னு அர்த்தம் இல்ல. குடுத்திருந்தா சொன்ன நாள் வரைக்கும் போடுங்க, அதுல மெட்ரோனிடசோல் இருந்தா மது தொடாதீங்க.

சாப்பாட்டுல பெரிய ரகசியம் எதுவும் இல்ல, மெத்துனு இருக்கணும், ரொம்ப சூடும் காரமும் வேணாம், பொடிப்பொடியா உடையறது, விதை இருக்கறது எல்லாம் குழிக்குள்ள போய் உக்காந்துக்கும் அதனால ஒரு வாரத்துக்கு தள்ளி வைங்க. எதிர்ப்பக்கமா மெல்லுங்க. தண்ணி நிறைய குடிங்க, வலிக்குதுன்னு பட்டினி கிடந்துட்டு வெறும் வயித்துல மாத்திரை போடறவங்களுக்குதான் தலைசுத்தல் வாந்தி எல்லாம் வருது.

எச்சில் லேசா ரோஸ் கலர்ல வர்றது முதல் நாள், ரெண்டாம் நாள் வரைக்கும் சகஜம். ஒரு துளி ரத்தம் வாய் நிறைய எச்சில்ல கலந்தா நிறைய போற மாதிரி தெரியும். நிஜமாவே கசிஞ்சா சுத்தமான காஸ் துணியை ஈரமாக்கி மடிச்சு, குழிக்கு நேரா வெச்சு, அரை மணி நேரம் விடாம அழுத்திக் கடிங்க, நடுவுல எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க. அப்படியும் வாய் நிறைய ரத்தம் ஊறினா உடனே கிளம்பிடுங்க.

எப்போ காத்திருக்கவே கூடாதுன்னா, முழுங்க முடியல, மூச்சு விட கஷ்டமா இருக்கு, நாக்குக்கு அடியிலயோ கழுத்துலயோ வீக்கம் இறங்கி கெட்டியாயிடுச்சு, குரல் மாறுது, இதுல எது இருந்தாலும் ராத்திரியா இருந்தாலும் நேரா எமர்ஜென்சிக்கு போங்க, பல் டாக்டர் அப்பாயின்ட்மென்டுக்கு காத்திருக்க வேணாம். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலோ, குறைஞ்ச வீக்கம் திரும்ப வந்தாலோ, வாய் நேத்தைவிட இன்னிக்கு கம்மியா திறந்தாலோ அன்னிக்கே டாக்டரை பாருங்க.

நீங்க கேக்கல, ஆனா கீழ்ப் பல்லுங்கறதால சொல்றேன். கீழ் உதடு, தாடை நுனி, நாக்கோட ஒரு பக்கம், இங்கல்லாம் உணர்ச்சி குடுக்கற நரம்புங்க அந்தப் பல்லுக்கு ரொம்ப பக்கத்துல போகுது. மரத்துப்போக போட்ட ஊசி சில மணி நேரத்துல தெளிஞ்சிடும். மறுநாளும் மரத்துப்போய் இருந்தா, இல்ல ஊசி குத்தற மாதிரி குறுகுறுன்னு இருந்தா, தானா போயிடும்னு சும்மா இருக்காம டாக்டர்கிட்ட சொல்லி குறிச்சு வெச்சுக்க சொல்லுங்க. பெரும்பாலும் சில வாரத்துல, சில மாசத்துல திரும்பிடும், ரொம்ப கம்மி பேருக்குதான் அப்படியே நின்னுடும், ஆனா எப்போ ஆரம்பிச்சது, எவ்ளோ இடம் மரத்திருக்குன்னு முதல்லேருந்தே தெரிஞ்சாதான் அவங்களால சரியா கண்காணிக்க முடியும்.

வேலை பத்தி கேட்டீங்க. உக்காந்து பார்க்கற வேலைன்னா மூணு நாலு நாள்ல நிறைய பேர் போயிடறாங்க, உங்களுக்கு வீக்கம் இன்னிக்குதான் உச்சத்துல இருக்கறதால இன்னும் ரெண்டு நாள் எடுத்துக்கறது நல்லதுன்னு படுது. நாள் முழுக்க பேசற வேலைன்னா ஒரு வாரம் வேணும். வெயிட் தூக்கறது, ஓடறது, ஜிம் இதெல்லாம் ஒரு வாரத்துக்கு வேணாம், ரத்த அழுத்தம் ஏறினா அந்த இடம் திரும்ப கசியும். முகத்துல அடிபடற மாதிரி விளையாட்டுன்னா எலும்பு ஆறணும், அதுக்கு சில வாரம் ஆகும், எப்போ ஆரம்பிக்கலாம்னு ஆபரேஷன் பண்ணவரையே கேளுங்க.

தையல் கரையற வகைன்னா ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா விழும், இல்லன்னா ஒரு வாரத்துல போய் பிரிக்கணும், எந்த வகைன்னு சீட்டுல பாருங்க. ஈறு மூட மூணு நாலு வாரம் ஆகும், அது வரைக்கும் குழியில சாப்பாடு மாட்டும், தையல் பிரிக்க போறப்போ வளைஞ்ச மூக்கு வெச்ச சிரிஞ்சால தண்ணி அடிச்சு கழுவலாமான்னு கேட்டு கத்துக்கோங்க. உள்ள எலும்பு நிரம்ப சில மாசம் எடுக்கும், அது உங்களுக்கு தெரியக்கூட தெரியாது. நடுவுல என்னிக்காவது ஈறுல சின்னதா கூரா என்னமோ நெருடினா பல்லை விட்டுட்டாங்களோன்னு பதறாதீங்க, பெரும்பாலும் அது எலும்போட சின்ன சில்லு, தானா வெளிய வந்துடும், வரலன்னா டாக்டர் ரெண்டு நிமிஷத்துல எடுத்துடுவார். எல்லாம் ஆறி மூணு நாலு வாரம் கழிச்சு அதே இடத்துல புதுசா வீங்கி வலிச்சா மட்டும், பழைய புண்ணுதானேன்னு விட்டுடாம திரும்ப போய் காட்டுங்க, கீழ் விஸ்டம் டூத்ல அப்படி லேட்டா இன்ஃபெக்ஷன் வர்றது உண்டு.