இரண்டு மடங்கு சம்பளம். நிரந்தர வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. அரசுத் துறையில் நிரந்தர வேலை. பேரிடர் நேரத்தில் நிவாரணப் பொருள்கள் போய்ச் சேர ஏற்பாடு செய்வது என் பொறுப்பு. இப்போது ஓர் ஐ.நா. அமைப்பில் 11 மாத ஆலோசகர் ஒப்பந்தம் வந்திருக்கிறது. வாங்கும் சம்பளத்தைப் போல் இரண்டு மடங்கு. சர்வதேசப் பேரிடர் மேலாண்மைதான் என் துறை என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது. வேலையை விடலாமா?

பதில்: அவசரப்பட்டு ராஜினாமா கொடுத்துவிடாதீர்கள். அந்த ‘இரண்டு மடங்கு’ கையில் எவ்வளவு நிற்கும் என்று முதலில் பார்ப்போம்.

ஆலோசகர் என்றால் நீங்கள் அந்த அமைப்பின் ஊழியர் அல்ல. பணப் பலன்களில் எல்லா வித்தியாசமும் இங்கேதான். ஐ.நா. ஊழியருக்கு ஓய்வூதியக் கணக்கீட்டுக்கு உரிய ஊதியத்தில் 23.7 சதவீதம் ஓய்வூதிய நிதிக்குப் போகிறது. அதில் 7.9 மட்டுமே ஊழியர் பங்கு, மீதி 15.8 சதவீதத்தை அமைப்பு போடுகிறது. ஆலோசகருக்கு இதில் ஒரு பைசாவும் கிடையாது. சம்பளத்தோடு விடுப்பும் பொதுவாக இல்லை, மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் உங்கள் செலவு. ‘ஐ.நா. சம்பளத்துக்கு வரியே இல்லை’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பல நாடுகளில் ஊழியர்களுக்கு அது சரி. ஆலோசகர் தொகைக்குப் பொதுவாக வரி கட்டியே ஆக வேண்டும். இதையெல்லாம் கழித்தால் இரண்டு மடங்கு ஒன்றரை மடங்காகலாம், அதற்கும் கீழே போகலாம். ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

நாளை ஊழியராகவே எடுத்துக்கொண்டாலும் 5 ஆண்டு முடிவதற்குள் விலகினால் ஓய்வூதியம் இல்லை. உங்கள் பங்கு வட்டியோடு திரும்பும், அமைப்பின் பங்கு வராது. கடினமான, ஆபத்தான இடங்களுக்கான படிகள் அந்தந்த இடத்தோடு முடிந்துவிடும். அதை நம்பித் தவணை கட்டத் திட்டமிட வேண்டாம்.

இன்னொன்று, இந்தத் துறை நன்கொடை நாடுகளின் தயவில் ஓடுவது. 2025-இல் அமெரிக்க உதவி சுருங்கியபோது, பேரிடர் உதவிகளை ஒருங்கிணைக்கும் ஐ.நா. அலுவலகமே ஏறக்குறைய 20 சதவீத ஆட்குறைப்பை அறிவித்தது. அனுபவசாலிகள் பலர் இப்போது அதே வேலைகளுக்கு உங்களோடு வரிசையில் நிற்கிறார்கள்.

அதனால் முதலில் சம்பளமில்லா விடுப்போ, அயல்பணி (இந்த வேலையை விடாமல் வேறு அமைப்பில் தற்காலிகமாகப் பணியாற்றுவது) அனுமதியோ கேளுங்கள். வேலைக்குத் திரும்பும் உரிமை இருந்தால் தாராளமாகப் போகலாம். 1993-இல் தொடங்கிய ஐ.நா. பேரிடர் மதிப்பீட்டு, ஒருங்கிணைப்புக் குழுவின் உறுப்பினர்களில் பலர் சொந்த நாட்டில் வேலையில் இருந்துகொண்டே, அழைப்பு வந்தால் சில வாரங்கள் போய்வருகிறவர்கள்தான். உங்கள் அனுபவத்துக்கு இந்த வழி பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

விடுப்பு கிடைக்கவில்லை, போயே தீருவேன் என்றால், புறப்படும் முன் ஓராண்டுத் தவணையைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிடுங்கள். 11 மாதம் முடிந்து அடுத்த ஒப்பந்தம் வர எத்தனை மாதம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்புறம், உங்கள் ஆயுள், விபத்துக் காப்பீட்டுப் பத்திரங்களில் விதிவிலக்குப் பகுதியைத் தேடிப் படியுங்கள். போர், உள்நாட்டுக் கலவரத்தால் ஏற்படும் இழப்புக்குப் பணம் தர மாட்டோம் என்று பல பத்திரங்களில் சின்ன எழுத்தில் இருக்கும். இருந்தால், அந்த ஆபத்துக்கு அமைப்பு தரும் காப்பீடு என்ன, தொகை எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.