பதில்: 12 பேர் இருந்தும் புரொடக்‌ஷன் திறக்கலையே?

மாட்டுத்தாவணி பூ விலை ஆப்பை 12 பேருக்கு வாட்ஸ்அப்பில் ஏபிகே-யா (ஆப்பை நேரடியா நிறுவுற கோப்பு) அனுப்பி மூணு வாரம் ஆச்சு, ஆனா ப்ளே ஸ்டோரில் எல்லாருக்கும் வெளியிடுற புரொடக்‌ஷன் வசதி இன்னும் திறக்கலைங்கிறீங்க. அது கணக்கிலேயே வராது. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் டெவலப்பர் கணக்குன்னா, கூகுள் ப்ளேயின் க்ளோஸ்டு டெஸ்டிங்கில்தான் (நீங்க சேர்த்தவங்க மட்டும் பார்க்கிற சோதனை) 12 பேர் தொடர்ந்து 14 நாள் இருக்கணும்.

அவங்க ஜிமெயிலைச் சோதனையாளர் பட்டியலில் சேர்த்து, ஆப்ட்-இன் லிங்க்கை (சோதனையில் சேர ஒப்புக்கொள்ற இணைப்பு) அனுப்புங்க. போனில் ரெண்டு ஜிமெயில் இருந்தா ப்ளே ஸ்டோர் வேற கணக்கில் திறந்திருக்கும், ஆப் தெரியாது. பல பேர் மாட்டுறது இங்கதான். பழைய ஏபிகே-யை முதல்ல நீக்கச் சொல்லுங்க. ஆப்பின் டிஜிட்டல் கையொப்பம் வேறன்னா பழசு மேல புதுசு பதியாது.

16 பேராச் சேருங்க. சரியா 12 பேர்தான்னா, ஒருத்தர் விலகி 11 ஆனா தொடர்ச்சி போச்சு. அப்புறம் புரொடக்‌ஷனுக்குப் போடுற விண்ணப்பத்தில் என்ன கருத்து வந்துச்சு, என்ன மாத்தினீங்கன்னு கேட்பாங்க, "மல்லி விலை கிலோவுக்கா, முழத்துக்கா?" மாதிரி வர்றதை அன்னன்னைக்கே குறிச்சு வைங்க.