ஈசிஇ படிக்கிற பிள்ள ஸ்ட்ரோக் மிஷின் செய்யணும்னு நின்னா என்ன பண்றது? களியக்காவிளை அம்மாவுக்கு பதில்

அக்கா, உங்க வாய்ஸ் மெசேஜ் முழுசும் கேட்டேன். கிளாஸ்ல எல்லாரும் சாஃப்ட்வேர் வேலைக்கு ரெடியாகும்போது நம்ம பிள்ள மட்டும் ஸ்ட்ரோக் கண்டுபிடிக்கிற மைக்ரோவேவ் மிஷின்தான் செய்வேன்னு நிக்கிறா, இதுல சம்பளம் வருமான்னு கேட்டீங்க. வரும், ஆனா கொஞ்சம் சுத்தித்தான் வரும்.

அவ பிடிச்சிருக்கிறது நல்ல விஷயம்க்கா. ஸ்ட்ரோக்ல ரத்தக்குழாய் அடைச்சு வர்றதுதான் அதிகம், குழாய் வெடிச்சு ரத்தம் கசியறது இன்னொரு வகை. அடைப்புன்னா நாலரை மணி நேரத்துக்குள்ள கட்டிய கரைக்கிற ஊசி போடணும், கசிவுக்கு அதையே போட்டா உயிருக்கே ஆபத்து, ரெண்டுல எதுன்னு ஆளைப் பாத்து சொல்ல முடியாது, சிடி ஸ்கேன் வேணும். பேச்சிப்பாறைக்கு மேல மலைல ஒருத்தருக்கு வாய் கோணினா ஸ்கேன் இருக்கிற இடத்துக்கு கொண்டு வர எவ்வளவு நேரம் ஆகும்னு நமக்குத் தெரியாதா? அந்த ஆம்புலன்ஸ்லயே தலையைச் சுத்தி ஆன்டெனா வெச்சு, மைக்ரோவேவ் அலையை உள்ள அனுப்பி அடைப்பா கசிவான்னு பாத்திரலாம்ங்கிறதுதான் ஐடியா. ஸ்வீடன்ல சால்மர்ஸ் யுனிவர்சிட்டி ஆராய்ச்சில இருந்து வந்த மெட்ஃபீல்ட், ஆஸ்திரேலியால ஈஎம்விஷன், வியன்னால ஈஎம்டென்சர்னு கம்பெனிங்க நோயாளிங்ககிட்டயே சோதிச்சுப் பாத்திருக்காங்க. அடுப்பு மைக்ரோவேவ்னு பயப்படாதீங்க, இதோட பவர் செல்ஃபோனை விட கம்மி.

கஷ்டம் எங்கன்னா, பெர்மிட்டிவிட்டின்னு ஒண்ணு இருக்கு, அலை ஒரு திசுவுக்குள்ள எப்படிப் போகும்னு சொல்ற அளவு, 1 ஜிகாஹெர்ட்ஸ் அலைக்கு ரத்தத்துல அது 60 கிட்ட, மூளையோட வெள்ளைத் திசுவுக்கு 40 கிட்ட, அந்த வித்தியாசத்தை மண்டை ஓட்டைத் தாண்டி பிடிக்கணும். லேப்ல ஜெலட்டின், சர்க்கரை, உப்பு கலந்து பொய்த்தலை செஞ்சு அளப்பாங்க, பக்கத்துல ஒருத்தர் கேபிளை லேசா வளைச்சாலே ரீடிங் மாறிரும், முதல்ல இருந்து காலிப்ரேஷன், அதாவது கருவியோட அளவைச் சரிபாக்கிற வேலை, பண்ணணும். இதுக்குப் பொறுமை இருக்கான்னு அவகிட்டயே கேளுங்க, மார்க்கை விட எனக்கு அதுதான் முக்கியம்.

இந்தியால இந்த மிஷினுக்குன்னே வேலை ரொம்ப கம்மி, மறைக்க மாட்டேன். அதனால ஆர்எஃப்னு சொல்ற ரேடியோ அலை சர்க்யூட், ஆன்டெனா, சிக்னல் பிராசசிங் மூணையும் கெட்டியா பிடிக்கட்டும், மெடிக்கல்ல இடம் கிடைக்கலன்னாலும் டெலிகாம், ராடார், சாட்டிலைட் பக்கம் அதே படிப்பு ஓடும். எம்டெக் சேர்றதுக்கான கேட் பரீட்சை எழுதட்டும். திருவனந்தபுரம் பக்கம் வலியமலைல இருக்கிற விண்வெளிக் கல்லூரி ஐஐஎஸ்டில ஆர்எஃப் மைக்ரோவேவ் எம்டெக் இருக்கு, கொச்சி குசாட் யுனிவர்சிட்டில ஆன்டெனா ஆராய்ச்சி ரொம்ப வருஷமா நடக்குது. என் மனசுல முதல்ல நிக்கிறது கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்டெக், சென்னை ஐஐடி, வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் மூணும் சேர்ந்து நடத்துறது. இதயத்துக்கு வைக்கிற சித்ரா வால்வு செஞ்சது அந்த ஸ்ரீசித்ராதான், நெய்யாற்றின்கர தாண்டினா வந்துரும், அங்க இருக்கிற நாள்லயாவது பிள்ளய தூரமா அனுப்புறோம்னு நீங்க அழவேண்டாம்.

இப்போதைக்கு கோச்சிங்னு பெரிய காசு கட்டாதீங்க. ஆன்டெனாவை அளக்கிற நானோவிஎன்ஏன்னு ஒரு சின்ன கருவி வாங்கிக் கொடுங்க, சில ஆயிரத்துல கிடைக்கும், இந்த லீவுல ரெண்டு ஆன்டெனா அவளே செஞ்சு அளக்கட்டும். அந்த ரீடிங்கையும் எலக்ட்ரோமேக்னடிக்ஸ் மார்க்கையும் எடுத்துட்டு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வாங்க, பேசுவோம்.