வயிறு பெருத்த மீன் ஏன் இன்னும் குட்டி போடவில்லை?

கேள்வி: கப்பி என்று சொல்லி ஹட்டன் கடையொன்றில் தந்த ஐந்து மீன்களை 40 லீற்றர் தொட்டியில் விட்டு ஒன்றரை மாதமாகிறது. இரண்டுக்கு வயிறு பெருத்திருக்கிறது, ஒரு குஞ்சையும் காணவில்லை. இவை கப்பிதானா? எது ஆண், எது பெண்? படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: படத்தில் இருப்பவற்றில் மூன்றுதான் கப்பி. வாலின் கீழ்ப்பக்கம் வாளாக நீண்டிருக்கும் சிவப்பு மீன் ஆண் சோர்ட்டெய்ல். பக்கத்தில் நிற்கும் வாளில்லாத நீள உடம்புக்காரி அதன் பெண். இதே சாயலில் உடம்பு குட்டையாகவும் உயரமாகவும் இருந்தால் அது பிளாட்டி. சோர்ட்டெய்லும் பிளாட்டியும் ஒன்றோடொன்று கலந்து குட்டி போடும், இனம் சுத்தமாக வேண்டுமென்றால் ஒரே தொட்டியில் வைக்காதீர்கள்.

ஆணா பெண்ணா என்பதற்கு நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். வயிற்றுக்கடியில், வாலுக்கு முன்னால் உள்ள துடுப்பைப் பாருங்கள். பெண்ணுக்கு அது விசிறியாக விரிந்திருக்கும், ஆணுக்குக் குச்சி போல ஒடுங்கியிருக்கும். கப்பி, மொலி, பிளாட்டி, சோர்ட்டெய்ல் நாலுக்கும் இந்த ஒரு அடையாளம் போதும்.

இனி வயிற்று விஷயம். அந்தத் துடுப்புக்கு மேலே கரும்புள்ளி பெரிதாகி, வயிறு முன்பக்கம் சதுரமாகத் தெரிந்தால் குட்டி போடும் நாள் கிட்டத்தான். மேலிருந்து பார்க்கும்போது செதில்கள் விரிந்து நின்றால் அது சினையில்லை, நோய். அந்த மீனை உடனே வேறாக்குங்கள்.

உங்கள் மீன்களில் செதில் விரிந்ததாகத் தெரியவில்லை. என் சந்தேகம் குளிரின் மேல்தான். கப்பி நாலு வாரத்தில் குட்டி போடும் என்று எல்லோரும் சொல்வது 25, 26 பாகை வெப்பமுள்ள தண்ணீருக்கு. மலைநாட்டு ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது. ஹீட்டர் இல்லாத தொட்டி மார்கழி, தை இரவுகளில் எவ்வளவு குளிரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தண்ணீர் குளிர்ந்தால் வயிற்றில் குஞ்சு வளர்வதும் மெதுவாகும். ஆகவே கலண்டரை விடுங்கள், முதலில் ஒரு வெப்பமானி வாங்குங்கள்.

உங்கள் தொட்டிக்கு 75 அல்லது 100 வாற்ஸ் ஹீட்டர் சரி. கொழும்பில் 50 போதும் என்பார்கள், அந்தக் கணக்கு இங்கே எடுபடாது. ஒரே நாளில் சூட்டை ஏற்றாமல், நாளுக்கு ஒரு பாகையாக ஏற்றுங்கள். தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரின் பிளக்கைக் கழற்ற மறக்க வேண்டாம். தொட்டியின் பின்பக்கமும் அடியிலும் ரெஜிபோம் (வெள்ளை நுரை அட்டை) வைத்து, மேலே மூடியும் போட்டால் கரண்ட் போன இரவிலும் சூடு சட்டென்று இறங்காது.

மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் பாவிப்பவர்களுக்கு ஒரு வசதி, அதில் குளோரின் இல்லை. டவுன் குழாய்த் தண்ணீரென்றால் அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வையுங்கள். எதுவானாலும் ஊற்றும்போது தொட்டியின் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மலைநாட்டுத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது. அதனால்தான் மொலி இங்கே அடிக்கடி வாடிப்போகிறது, அதற்கு உப்புச்சத்துள்ள கடினமான தண்ணீர் வேண்டும். வளர்க்க ஆசையென்றால் கழுவிய கடற்சிப்பி ஓடுகளைப் பில்டரில் போட்டுப் பாருங்கள். முதன்முதலாக வளர்ப்பவருக்கு நான் பிளாட்டியைத்தான் சொல்வேன், கொஞ்சம் குளிரையும் தாங்கும்.

இன்னொன்று: குஞ்சு பிறந்திருக்கலாம், நீங்கள் பார்ப்பதற்குள் பெரியவை தின்றிருக்கலாம். தாயே தின்னும். ஜாவா பாசியோ மிதக்கும் செடியோ அடர்த்தியாக இருந்தால் சில தப்பும். கடையில் விற்கும் சின்னப் பெட்டியில் சினை மீனை நாட்கணக்கில் அடைப்பது எனக்குப் பிடிப்பதில்லை, பயந்துபோய் இன்னும் தாமதிக்கும். செடி நிறைந்த தனித் தொட்டியே மேல். குட்டி போட்டதும் தாயை எடுத்துவிடுங்கள். குஞ்சுக்கு மாவாகத் தேய்த்த மீன் உணவை நாளுக்கு மூன்று நாலு முறை துளித்துளியாகப் போடுங்கள். அவித்த முட்டை மஞ்சட்கருவும் போடலாம், ஆனால் கொஞ்சம் கூடினாலும் தண்ணீர் நாறிவிடும்.

ஆணின் விந்தைப் பெண் தன் உடம்பில் சேமித்து வைக்கும். ஒருமுறை சேர்ந்த பெண், ஆணில்லாமலே மறுபடியும் பல தடவை குட்டி போடும். அதனால் குஞ்சுகளை ஒரு மாதத்திலேயே பார்த்து, துடுப்பு ஒடுங்கத் தொடங்கியவற்றைப் பிரித்துவிடுங்கள். மிஞ்சியதைக் கடைக்கோ தெரிந்தவர்களுக்கோ கொடுங்கள். ஆற்றிலோ தோட்டத்து ஓடையிலோ விடவே வேண்டாம்.