தரணியா, தாரிணியா? பெயர் வைப்போர் கேட்டவை

கேள்வி: மகளுக்கு தரணி, தாரணி, தாரிணி என்று மூன்று பெயர் பார்த்திருக்கிறோம். எது நல்லது? (ஹட்டன்)

மூன்றும் நல்ல பெயர்தான், தங்கச்சி. தரணி என்றால் பூமி. தாரிணி அம்மனின் பெயர்களில் ஒன்று. தாரணிதான் கொஞ்சம் சங்கடம். எழுதுகிறவர்கள் ஒரு நாள் தரணி என்பார்கள், மறுநாள் தாரிணி என்பார்கள். நானாக இருந்தால் தரணியை எடுப்பேன். எதை வைத்தாலும் வீட்டில் 'தாரு' என்றுதான் கூப்பிடப் போகிறீர்கள். அதனால் செல்லப்பெயரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

கேள்வி: மகன் பெயர் தினேஷ். ஆங்கிலத்தில் டேவிட்டுக்கு வரும் எழுத்தா, தோமஸுக்கு வரும் இரண்டு எழுத்தா? (தலவாக்கலை)

எதுவும் பிழையில்லை. நம் இலங்கைத் தமிழர்களில் நிறையப் பேர் தோமஸ் மாதிரிதான் எழுதுகிறார்கள். சிக்கல் வேறு இடத்தில். தமிழில் ஒரே 'த'தான். சிங்களத்தில் அந்த இரண்டு ஓசைக்கும் தனித்தனி எழுத்து. எழுதுகிறவர் காதில் விழுந்ததை எழுதிவிடுவார். பிறகு பிறப்புச் சான்றிதழில் ஒன்று, சாதாரண தரப் பரீட்சைச் சான்றிதழில் ஒன்று, 15 வயதில் எடுக்கும் அடையாள அட்டையில் இன்னொன்று என்று ஆகிவிட்டால் சத்தியக் கடதாசிக்கு அலைய வேண்டியதுதான். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற பாட்டிமாரைக் கேட்டுப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதியில் லெச்சுமி, அடையாள அட்டையில் லட்சுமி என்று இருந்து அலைந்தவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள்.

ஆகவே தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு போய்ப் பதிவாளரிடம் கொடுங்கள், தம்பி. சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கையெழுத்து வைக்கும் முன் எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டும்.

கேள்வி: மாமியார் ரோதைமுனிக்கு நேர்ந்திருக்கிறார், 'முனி' வர வேண்டுமாம். எங்களுக்கு ரித்விக்தான் பிடிக்கும். (பண்டாரவளை)

ரோதை என்றால் இயந்திரச் சக்கரம். தேயிலைத் தொழிற்சாலை ரோதையைக் காக்கும் சாமி, மலையகத்தின் சொந்தச் சாமி. அவருக்கு நேர்ந்ததை லேசில் தள்ளாதீர்கள். முனீஷ் என்று வைத்தால் கேட்கவும் புதிதாக இருக்கும், கிழவியின் மனமும் குளிரும். ரித்விக்கை ருத்விக், ரித்திக் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவதையும் யோசியுங்கள். இல்லை, ரித்விக்தான் என்றால் அதைச் சான்றிதழில் போட்டுவிட்டு, கோயிலில் முனியின் பெயரைச் சொல்லிக் காதில் ஓதுங்கள். பாட்டி அப்படியே கூப்பிடட்டும். இரண்டையும் ஒட்டி நீட்டமாகப் பதிய வேண்டாம், தகப்பன் பெயரும் முன்னால் வருமே.

கேள்வி: இரட்டையருக்கு கவிஷன், கவிஷான் என்று வைக்கலாமா? (மஸ்கெலியா)

வேண்டாம். பிறந்த தேதி ஒன்று, முதலெழுத்து ஒன்று, பெயரிலும் ஒரு கால் மட்டும்தான் வித்தியாசம் என்றால் கிளினிக் அட்டையே மாறிப்போகும். ஒருவனுக்காவது வேறு எழுத்தில் தொடங்குங்கள்.

கேள்வி: ரோகிணி நட்சத்திரம். ஓ, வ, வி, வு எழுத்துகளில் இன்னும் பெயர் அமையவில்லை. பதிவைத் தள்ளிப் போடலாமா? (பதுளை)

தள்ளிப் போடாதீர்கள். பிறந்து 42 நாளுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு, கடதாசி வேலை கூடும். பெயரைப் பிறகு சேர்க்கவும் வழி உண்டு. இருந்தாலும் வினுஷா, வர்ஷினி என்று இருக்கும்போது எதற்கு அந்த அலைச்சல்?