எந்தக் கிரெடிட் கார்டு என்ற தங்கள் கேள்விக்கு

வணக்கம் ஐயா. காரைக்குடியில் பலசரக்குக் கடை நடத்தும் தாங்கள், இரண்டு ஒப்பீட்டுத் தளங்கள் வெவ்வேறு கார்டுகளை முதலிடத்தில் காட்டுவதாக எழுதியிருந்தீர்கள். அத்தளங்கள் பெரும்பாலும் வங்கிகளிடம் கமிஷன் பெறுபவை என்பதால், அந்த வரிசையை நம்பாமல், ஆண்டுக் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., அக்கட்டணம் தள்ளுபடியாக ஆண்டில் எவ்வளவு செலவழிக்க வேண்டும் என்ற விவரங்களை அருகருகே வைத்துப் பார்க்க மட்டும் அவற்றைப் பயன்படுத்துங்கள். மதுரைக்கோ திருச்சிக்கோ போய் எப்போதாவது விமானம் ஏறும் நமக்கு, விமான நிலைய ஓய்வறைச் (லவுஞ்ச்) சலுகைக்காகக் கூடுதல் கட்டணம் வீண். மாதந்தோறும் முழுத்தொகையையும் கட்ட இயலாதென்றால் வட்டியை மட்டும் பாருங்கள், மாதம் 3.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம் (வட்டிக் கணக்கைச் செட்டிநாட்டுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை). தங்கள் பின்கோடுக்கு அந்த வங்கி கார்டு தருகிறதா என்று பார்த்தபின் ஒரே ஒரு விண்ணப்பம் போடுங்கள். ஒவ்வொரு விண்ணப்பமும், தங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் பதிவாகும்.